கண்ணில் படாத வளையங்கள்

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருவதுபோல் போக்குக் காட்டியதோடு சரி. சிப்காட்டில் ஏதோ கம்பெனியிலிருந்து மெடிக்கல் செக்கப்புக்கு நாற்பது பேர். லேபில் நான் ஒருத்தி. ஒரு சொட்டு ரத்தத்தில் மலேரியாவைக் காட்டும் டெஸ்ட் கார்டு தீர்ந்து ஒரு வாரம். ஓனரிடம் மறுபடி சொல்ல வேண்டும்.

நடுவில் ஒரு காய்ச்சல் கேஸ். ஏழுமலை, லாரி டிரைவர், புதுவாயல். ஒடிசா லோடு போய் வந்து பத்து நாள். ரத்த ஸ்லைடு பார்த்தேன். மலேரியா இல்லை என்று ரிப்போர்ட். மனைவி கல்பனா அதை வாங்கிப் படித்துவிட்டு அவரிடம், "பாத்தியா, ஒண்ணும் இல்லியாம். வண்டி எடுக்க சோம்பேறித்தனம், சும்மா சீன் போட்டுக்கினு கீற."

அவர் பெஞ்சில் நடுங்கிக்கொண்டு.

கால் வலி. தோசை மாவு வாங்க மறதி.

ஆகஸ்ட் 13, புதன்

மழை. லேப் திறக்கும் முன்பே கல்பனா வாசலில், நனைந்தபடி.

"மேடம், நேத்து லோடு ஏத்திக்கினு கெளம்புனாரு. ஆரம்பாக்கம் கிட்டயே வண்டிய ஓரங்கட்டிட்டாரு. இன்னா இன்னாவோ உளர்றாரு. யூரின் டீ டிகாஷன் மாரி போவுது. பெரிய ஆஸ்பத்திரில சேத்துக்கீறோம். பழைய ரிப்போர்ட்டு கேக்குறாங்க. தொலைஞ்சி பூட்ச்சி. இன்னொண்ணு குடுங்க."

பிரிண்ட் போடும் முன் ஒரு சந்தேகம். அதே ஸ்லைடைப் பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். சிவப்பணுக்களுக்குள் மெல்லிய மோதிரம்போல் வளையங்கள். நாற்பது இடம் தாண்டி ஒன்று, இன்னும் தள்ளி இரண்டு. ஃபால்சிபாரம். மலேரியாவில் மூளையைத் தாக்கும் ரகம். ஸ்லைடைக் குறைந்தது நூறு இடமாவது நகர்த்திப் பார்க்க வேண்டும். அன்று முப்பதுகூடப் பார்த்திருக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரி டூட்டி டாக்டருக்கு போன். "உடனே ஊசி ஆரம்பிக்கிறோம்," என்றார். எப்போது பார்த்த ஸ்லைடு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கல்பனாவிடம், டாக்டரிடம் பேசிவிட்டேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஓனரிடம் சொன்னேன். "ரிப்போர்ட்டுதான் தொலைஞ்சிடுச்சே. ரிஜிஸ்டர்ல பாசிட்டிவ்னு மாத்திடும்மா. லேப் பேரு இன்னா ஆவுறது?"

மாற்றவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை.

ஏழுமலைக்கு இன்னும் நினைவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

வெயில். ரிஜிஸ்டரில் பழைய வரியை அப்படியே விட்டு, பக்கத்தில் 'முதலில் தவறாகப் பார்த்தது நான்' என்று எழுதிக் கையெழுத்து. ஓனர் வரும் முன் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிவிட்டேன்.

வார்டு வாசலில் கல்பனா. காய்ச்சல் இறங்கிவிட்டதாம். காலையில் கண் திறந்து தண்ணீர் கேட்டாராம், மறுபடி தூக்கம். சொல்லிக்கொண்டே அழுகை. "நான்தான் மேடம் அவர லோடுக்குத் தள்ளிவுட்டேன். நடிக்கிறன்னு சொன்னேன். என்னாலதான்."

"உன்னால இல்ல கல்பனா. அன்னிக்கே அவர் ரத்தத்துல மலேரியா இருந்துச்சு. நான் சரியா பாக்கல."

அழுகை நின்றது. என் முகத்தையே பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன்.

"மூணு நாளா இத ஏன் சொல்லல நீ?"

வார்டு கதவைத் தள்ளித் திறந்தாள்.

"உள்ள வா. அவரு எழுந்ததும் நீயே சொல்லு. பொண்டாட்டியே தன்ன சாவ அனுப்பிட்டான்னு நெனச்சிக்கினு கெடந்துருப்பாரு."

போனேன். உட்கார நாற்காலி இல்லை. கட்டில் ஓரமாக நின்றேன்.