குடை நிழல் விழும் பக்கம்

மே 24, சனி

ஜாக்கெட் தைக்க நல்ல ஆள் வேண்டும் என்று எங்கள் ஸ்கூல் ஜெபா டீச்சர் போனில் கேட்டார். சின்னமனூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பெரிய குடைக்குக் கீழே மிஷின் போட்டிருக்கும் நாகஜோதியைச் சொன்னேன். அவள் என் நாத்தனார் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஏன்? தெரியும். எழுத வேண்டாம்.

நாளை வருசநாட்டில் குலசாமி கும்பிடு.

மே 25, ஞாயிறு

கோயிலில் பொங்கல் வைக்கும்போது நானும் நாகஜோதியும் வடக்கே காட்டு ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனோம். அவளுடைய ஆறு மாதக் குழந்தை என் வீட்டுக்காரரிடம் தூங்கிக்கொண்டிருந்தது. திரும்பும்போது புதருக்குள் தடம் தவறிவிட்டது. செல் இரண்டும் வேனில். மணி பன்னிரண்டேகால். கோயில் தெற்கே இருக்கிறது, சரி — தெற்கு எது?

விடுவேனா? பதினான்கு வருஷப் புவியியல் டீச்சர். மத்தியானச் சூரியன் நமக்குத் தெற்கே, நிழல் வடக்கே. அதனால் நிழலுக்கு எதிர்ப்பக்கம் நடப்போம் என்றேன். நாகஜோதி நிழலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பேசாமல் வந்தாள்.

ஒரு மணி நேரம் நடந்தோம். காடு அடர்ந்ததே தவிர கோயில் வரவில்லை. யானைச் சாணம் வேறு, ஈரம் காயாமல். பால் கட்டி அவள் ஜாக்கெட் நனைந்திருந்தது. அங்கே பிள்ளை பசியில் கத்திக்கொண்டிருக்கும். நான் உட்கார்ந்து அழுதேவிட்டேன். எனக்கு ஒண்ணுமே தெரியலையே, ஆத்தா!

அவள் அழவில்லை. வெயில் விழும் இடத்தில் குச்சியை நட்டு, நிழலின் முனையில் ஒரு கல் வைத்தாள். கால் மணி நேரம் கழித்து, நிழல் நகர்ந்த இடத்தில் இன்னொரு கல்.

"மொதக் கல்லு மேக்க, ரெண்டாவது கெழக்க. நெழலு தெக்காலதான் கெடக்கு, மதினி. வைகாசில குடை நெழலும் மத்தியானம் அப்படித்தான் விழும். மிஷினை அந்தப் பக்கந்தான் இழுத்துப் போடுவேன்."

முன்னாலேயே சொல்லக் கூடாதா என்று கேட்டேன்.

"நீங்க டீச்சர்ல. எனக்குத்தான் புத்தி தடுமாறுதுன்னு நெனச்சேன்."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

பிறகு அவள் முன்னால், நான் பின்னால். புதர் மறித்தால் சுற்றிப் போவாள். சந்தேகம் வந்தால் மறுபடி குச்சி, மறுபடி கல். மார் வலியோடு காத்திருந்து காத்திருந்து நடந்தாள். என்ன நிதானம்! நானாக இருந்தால் கண்டபடி ஓடியிருப்பேன். மூன்றரைக்குக் கோயில் மணி கேட்டது. பிள்ளையை வாங்கி மாரோடு அணைத்துக்கொண்டாள். இவர் திட்ட வாயெடுத்ததும், "நாந்தாண்ணே தடம் மாறிட்டேன்" என்றாள்.

நான் வாயே திறக்கவில்லை.

மே 26, திங்கள்

ஏப்ரல் பாதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நம் ஊருக்கு மத்தியானச் சூரியன் வடக்கே. கடகரேகை படம் போட்டு நானே நடத்தியதுதான். ஒருநாள்கூட வாசலில் இறங்கிப் பார்க்கவில்லை. அவள் தினமும் பார்த்திருக்கிறாள்.

மே 27

இவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

பன்னிரண்டு இருபதுக்கு ஒன்பதாம் வகுப்பை மைதானத்தில் நிறுத்திக் குச்சி நட்டேன். நிழல் தெற்கே. மத்தியானச் சூரியன் எப்போதும் தெற்கே என்று இத்தனை வருஷம் நான் சொன்னது தப்பு என்றேன். அப்ப சரியா உங்களுக்கு யாரு மிஸ் சொன்னாக என்று திரிஷா கேட்டாள். ஜெபா டீச்சர் புது ஜாக்கெட்டில் வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பஸ் ஸ்டாண்டுகிட்டக் குடை போட்டுத் தைக்கிறாகள்ல, அவுகதான். என் நாத்தனார்."