தாளம் போடும் கால்

அண்ணை,

உங்களுடைய இடது செருப்பு என் மடியில் இருக்கிறது. நீல வார் ஓரங்களில் வெளிறிவிட்டது. குதியின் வெளிப்பக்கம் தேய்ந்திருக்கிறது. முகர்ந்து பார்த்தேன், யாரும் பார்க்கவில்லை. இறப்பர். அதற்கடியில், மிக மெல்ல, நீங்கள் வேலை பார்த்த ஐஸ் கொம்பனி. உப்பும் மீனும்.

செருப்பைத் திருப்பினால் அடியில் எண்கள் மட்டும் உள்ள அந்தச் சின்ன விசைப்பலகை. ஒன்றைத் தவிர எல்லா விசைகளையும் நாங்கள் பிடுங்கிவிட்டோம். முதலில் அதன் மேல் ஒரு பலகைத் துண்டு வைத்தேன். வழுக்கியது. நீங்கள் கொஞ்சம் யோசித்தீர்கள். பிறகு காலில் கிடந்ததைக் கழற்றித் தந்தீர்கள்.

"வலது கால் ஓகன் பெடலுக்கு. இடது கால் சும்மாதானே கிடக்கு. அதுக்கும் ஒரு வேலை குடு."

அன்று குருநகர்த் தெருவால் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு நடந்தீர்கள்.

கணினி சவர்க்காரப் பெட்டி அளவுதான். மாதா கோயிலில் நீங்கள் வாசிக்கும் ஓகனின் ஸ்டாண்டுக்குக் கீழே வலை நூலால் கட்டியிருந்தோம். அதற்குள் நான் எழுதிய ஒரு சின்ன நிரல் பின்னணியில் ஓடும். திரையில் தெரியாது. அந்த ஒரு விசைக்காகக் காத்திருக்கும். கால் அழுத்தினால் திரையில் பாட்டின் அடுத்த பக்கம் வரும். இதை உங்களுக்கு விளங்கப்படுத்தினேன்.

"ஆரும் காணாமல் உள்ளுக்கை நிண்டு காது குடுத்துக்கொண்டே இருக்குமோ?"

"ஓம்."

"அப்ப அது காவல் சம்மனசுதான். செட்டைதான் இல்லை."

நிரலுக்கு அந்தத் தேவதூதனின் பெயரையே வைத்தேன். சம்மனசு.

போன மாரியில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன பிறகு ஓகனைத் துணியால் மூடிவிட்டார்கள். பாடகர் குழு வெறும் வாயால் பாடியது. இப்போது ஓகன் வாசிக்க றெஜினா வந்திருக்கிறாள். தாதிப் படிப்பு, விடுதி, வார இறுதியில் மட்டும் வீடு. கை நன்றாக வருகிறது. ஆனால் உங்களைப் போலப் பாதிப் பாட்டாவது மனதில் இல்லை. பக்கம் வேண்டும்.

சனிக்கிழமை பின்னேரம் அழைத்தாள்.

"அண்ணா, உங்கடை பெட்டி செத்துப்போச்சு. நாளைக்குத் திருநாள். தாள் புரட்ட எனக்கு மூண்டாவது கை இல்லை. உது வேலை செய்யாட்டில் நான் வாசிக்க மாட்டன். பென்டிரைவில பதிஞ்ச இசையைப் போடுங்கோ."

கோபமாகத்தான் சொன்னாள். குரலின் அடியில் பயம் இருந்தது. எல்லோருக்கும் முன்னால், உங்களுக்குப் பிறகு, முதல் தரம்.

கோண்டாவிலில் இருந்து மோட்டார் சைக்கிளில் வந்தேன். பூசைக்கு வராதவன், மாதா கோயிலுக்குப் பெட்டி பார்க்க மட்டும் வருகிறவன். ("நீ வராட்டிலும் பரவாயில்லை தம்பி. உன்ரை பெட்டி ஒரு பூசையும் தவறவிடேல்லை" என்பீர்கள்.)

சம்மனசு ஓடுகிறதா என்று கேட்டேன். ஓடுகிறது என்றது கணினி, பச்சை எழுத்தில். பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. வயரைக் கழற்றி மாட்டினேன். நிறுத்தி மறுபடி தொடக்கினேன். பச்சை. விசை அழுத்தப்படுவது கணினிக்குத் தெரிகிறதா என்று பார்த்தேன். றெஜினா கால் வைத்த ஒவ்வொரு தரமும் ஒரு வரி வந்தது. ஆக, கால் படுகிறது. செய்தி போகிறது. சம்மனசு விழித்திருக்கிறது. பக்கம் மட்டும் திரும்பவில்லை.

பின்வரிசை வாங்கில் இருந்து குழுவின் மூத்த குரல், அருளம்மா அக்கா:

"என்ன தம்பி, மூச்சு இருக்கோ?"

"மூச்சு இருக்கக்கா. கதைக்குதில்லை."

"எங்கடை வீட்டு மனுசன் மாதிரி."

வேறு வழி இல்லாமல் நான் எழுதியதை நானே திறந்து வாசித்தேன். நடுவில் அந்த இடம் வந்தது. விசையில் அரைச் செக்கன் அழுத்தி நின்றால் மட்டும் பக்கத்தைத் திருப்பு. அதற்கு மேலே என் குறிப்பு: தாளம் போடும் கால். பொறு.

மறந்தே போயிருந்தேன்.

பெட்டி கட்டிய பிறகு உங்கள் முதல் ஒத்திகை. நீங்கள் வருகைப் பாட்டைத் தொடங்குகிறீர்கள். மூன்றாவது வரி வருவதற்குள் திரை இறுதிப் பாட்டில் நிற்கிறது. பாட்டுக் கேட்டால் உங்கள் இடது கால் அடங்காது என்று யாருக்குமே அதுவரை தெரியாது, உங்களுக்கும். அருளம்மா அக்கா தன் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "பூசை முடிஞ்சுதாம், வாங்கோ போவம்." நீங்கள் ஓகன் மேல் கவிழ்ந்து சிரித்தீர்கள்.

"காலிலை குற்றமில்லை தம்பி. உன்ரை சம்மனசுக்குப் பொறுமை படிப்பி."

படிப்பித்தேன். அது இன்னும் பொறுத்துக்கொண்டிருக்கிறது. தட்டும் கால்களை எல்லாம் தாளம் என்று விட்டுவிட்டு, அழுத்தி நிற்கும் ஒரு காலுக்காக.

றெஜினாவின் காலைப் பார்த்தேன். செருப்பின் நுனியில் பெருவிரல் மட்டும். தொட்டதும் எடுத்துவிடுகிறாள்.

"ஏன் உப்பிடித் தொடுறீர்?"

"அவரின்ரை செருப்பெண்டு எல்லாரும் சொன்னவை. எப்பிடி அண்ணா மிதிக்கிறது?"

"மிதிக்கத்தான் கழட்டித் தந்தவர்."

அவள் தலையாட்டினாள். பெருவிரல் அப்படியே இருந்தது. அதைச் சொல்லித் திருத்த முடியாது. சம்மனசைத் திருத்தலாம். அரையைச் சுழியம் ஆக்கினேன். தொட்டாள். பக்கம் திரும்பியது. முகம் திறந்தது. நான் பெட்டியை மறுபடி கட்டிவிட்டு, கை கழுவி, தேத்தண்ணி குடித்தேன். ஒரு வேலை முடிந்த நிம்மதி. கூடவே ஒரு சின்ன வெறுமை. உங்களுக்காக எழுதிய வரி இனி யாருக்கும் தேவையில்லை.

ஒத்திகை தொடங்கியது. முதல் பாட்டில் அவள் தோள்கள் இறுகியிருந்தன. இரண்டாவதிலும். காணிக்கைப் பாட்டின் நடுவில் குழு எங்கேயோ ஓரிடத்தில் நன்றாகச் சேர்ந்துகொண்டது. நானே குவளையைக் கீழே வைத்தேன். அவள் தோள் இறங்கியது. கண் திரையை விட்டுக் குழுவின் பக்கம் போனது.

பிறகு திரை ஓடத் தொடங்கியது. ஒரு பக்கம். இரண்டு. காணிக்கை போய், திருவிருந்து போய், மாதா பாட்டும் போய்விட்டது. ஓகன் நின்றது. குனிந்து பார்த்தேன். முழுப் பாதமும் செருப்பின் மேல், குதி தேய்ந்த இடத்திலேயே குதி. கால் இன்னும் தட்டிக்கொண்டிருந்தது.

அருளம்மா அக்கா கைப்பையை எடுத்தார்.

"பூசை முடிஞ்சுது."

அவர்கள் சிரித்ததை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். சிலர் கண்ணையும் துடைத்தார்கள். றெஜினாவுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. "நான் என்ன செய்தனான்?" அக்கா சொன்னார், முழுக் கதையையும், நடித்துக் காட்டி. நான் அதற்குள் பெட்டியைத் திறந்து சுழியத்தை அழித்துப் பழைய அரையைப் போட்டேன். குறிப்பு அப்படியே மேலே இருந்தது. அதில் பெயர் இல்லை. மாற்ற ஒன்றுமில்லை.

"இப்ப அழுத்தி நில்லும். பயப்பிடாதேயும்."

நின்றாள். பக்கம் திரும்பியது.

ஞாயிறு திருநாளில் அவள்தான் வாசித்தாள். பென்டிரைவ் யாருடைய பொக்கற்றிலோ கிடந்தது. நான் கடைசி வாங்கில் இருந்தேன். ஓம், உள்ளேதான். ஒவ்வொரு பக்கமும் திரும்புவதற்கு முன்னால் அந்த அரைச் செக்கன். மற்றவர்களுக்குத் தெரியாது. நான் அதற்காகவே காத்திருந்தேன், ஒவ்வொரு முறையும். அந்த இடைவெளியில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று எழுதினால், "அது சம்மனசு, நானில்லை" என்பீர்கள்.

சரி, எழுதவில்லை.

பூசை முடிந்து செருப்பைக் கழற்றி எடுத்து வந்தேன். வார் விடப் பார்க்கிறது, ஒரு தையல் போடவேண்டும். அடுத்த சனிக்கிழமைக்குள் கொண்டுபோய்ப் பூட்டவேண்டும். மடியில் அது கிடக்க, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டில் யாரோ வானொலி போட்டிருக்கிறார்கள்.

என் இடது கால் தட்டிக்கொண்டிருக்கிறது. இப்போதுதான் கவனித்தேன்.