செவிலியர் வானதி மீது நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுவது பற்றி

அனுப்புநர்
தி. பூவம்மாள் (வயது 49),
க/பெ. தியாகேசன்,
கீழத்தெரு, நெடுவயல்மங்கலம்,
வலங்கைமான் வட்டம், திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்,
திருவாரூர்.

பொருள்: எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் திருமதி வானதியை இடமாற்றம் செய்ய வேண்டாம் எனக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 07.07.2025 அன்று மக்கள் குறைதீர் கூட்டத்தில் நானும் இருபத்திரண்டு பெண்களும் அளித்த மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. அதை எழுதியவளும் நான்தான். எட்டாம் வகுப்பு படித்தவள் என்ற திமிரில் எழுதினேன். இந்த மனுவையும் நானே எழுதுகிறேன்.

1. இருபது வருடமாக நடவுக்கு ஆள் சேர்த்து அழைத்துப் போகிறேன். காலை பத்து மணிக்கு வரப்பில் டீ வரும். டீயோடு ஆளுக்கு ஒரு வலி மாத்திரை கொடுப்பது எங்கள் வழக்கம். சீட்டு இல்லாமல் கடையில் வாங்கி, என் சுருக்குப்பையில் வைத்திருப்பேன். குனிந்த இடுப்பு நிமிராமல் ஒரு மா நிலம் நட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த மாத்திரையின் அருமை தெரியும். அதைப் போதை என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

2. கடந்த குறுவை நடவின்போது வயிற்று எரிச்சலுக்காக சுகாதார நிலையம் போனேன். செவிலியர் வானதி எல்லாரிடமும் கேட்பதுபோல் என்னிடமும் கேட்டார்: புகையிலை, சாராயம், கஞ்சா, தூக்க மாத்திரை, வலி மாத்திரை, இதில் எதையாவது கடந்த மூன்று மாதத்தில் எடுத்தீர்களா என்று. வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு உச்சி கொதித்துவிட்டது. "என்னைப் பாத்தா கஞ்சா குடிக்கிறவ மாதிரியா இருக்கு?" என்று சத்தம் போட்டுவிட்டு வந்தேன். குடும்பப் பெண்களை அவமானப்படுத்துகிறார் என்று அந்த வாரமே புகார் எழுதினேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அப்போது நான் ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தேன்.

3. ஆகஸ்டில் எரிச்சல் தாங்க முடியாமல் மறுபடியும் அங்கேயே போக வேண்டியதாயிற்று. வேறு போக்கிடம் ஏது? என் புகார் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் முகம் சுளிக்கவில்லை. தடுப்பூசி அறையில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, அதே கேள்விகளைக் கேட்டார். இந்த முறை உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "மாத்திரையால உங்களுக்கு என்ன நல்லது நடக்குது, சொல்லுங்கம்மா" என்று கேட்டார். என் வாழ்நாளில் அப்படி யாரும் கேட்டதில்லை ஐயா. வலி தெரியாது, சுறுசுறுப்பு வரும் என்றேன். அடுத்து, நல்லதில்லாதது என்ன என்று கேட்டார். போடாத நாளில் கை நடுங்குவதைச் சொன்னேன். பிறகு செம்மொழியைப் பற்றிச் சொன்னேன்.

4. செம்மொழி என் ஆட்களில் ஒருத்தி. ஒருநாள் இடுப்பு கடுக்கிறது என்றதால் இரண்டு மாத்திரையாகக் கொடுத்தேன். அரைமணி நேரத்தில் சேற்றிலேயே மயங்கிக் குப்புற விழுந்தாள். பக்கத்தில் நட்டவர்கள் உடனே தூக்கியதால் பிழைத்தாள். வெயில் மயக்கம் என்று அவள் வீட்டில் நானே போய்ச் சொன்னேன். அதைச் சொல்லும்போது செவிலியர் முன்னால் அழுதுவிட்டேன்.

5. என் பதில்களுக்கு வந்த மதிப்பெண்ணை ஒரு அட்டையில் காட்டி, எனக்கு எவ்வளவு ஆபத்து என்று விளக்கினார். "விடுறதும் விடாததும் உங்க முடிவுதாம்மா. ஆனா திடுதிப்புன்னு நிறுத்தாதீங்க, டாக்டரைப் பாத்துப் படிப்படியா குறைங்க" என்றார். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. மருத்துவர் சொன்னபடி குறைத்தேன். சம்பா நடவு முழுவதும் ஒரு மாத்திரைகூட இல்லாமல் நட்டேன். இடுப்பு வலிக்கத்தான் செய்கிறது. அதற்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வரப்பில் இப்போது டீ மட்டும்தான். அந்த மகராசிக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்!

6. கடந்த 13.11.2025 வியாழக்கிழமை தங்கள் அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். என்னை எதிரில் வைத்துக்கொண்டே, இந்தப் பெண்மணியிடம் என்ன கேட்டீர்கள், அவர் என்ன சொன்னார் என்று செவிலியரிடம் கேட்டார்கள். என் பதில்களைக் குறித்துவைத்த சீட்டை எடுத்துக் காட்டியிருந்தால் அவர் மீது தப்பில்லை என்று அங்கேயே தெரிந்திருக்கும். "நோயாளி சொன்னதை நான் வெளியில சொல்லக் கூடாதுங்க சார்" என்று மட்டும் சொன்னார். நான் வாயில் கொழுக்கட்டையை வைத்தவள்போல் நின்றேன். அவரை மாற்றப்போவதாக இப்போது ஊரில் பேச்சு.

எனவே, எங்கள் புகாரைத் தள்ளுபடி செய்து அவரை இங்கேயே பணியில் வைக்கும்படி வேண்டுகிறேன். அந்தக் கேள்விகளை வரிசையில் வைத்துக் கேட்காமல் தனி அறையில் கேட்க ஏற்பாடு செய்யுங்கள். புகாரில் நியாயம் இருந்தது அந்த ஒன்றில்தான். முடிந்தால் நடவுக் காலத்தில் வயலுக்கும் அவரை அனுப்பிவையுங்கள்.

இந்த மனுவை அனுப்பும் முன் செம்மொழி வீட்டில் படித்துக் காட்டிவிட்டேன். அவள் மாமியார் வாசலில் நின்று என்னை ஏசினார், கேட்டுக்கொண்டேன். இனி நடவுக்கு என்னோடு யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று தெரியவில்லை. யார் வந்து கேட்டாலும் வானதி அம்மா என்னைப் பற்றிச் சொல்ல மாட்டார். அதனால் நானே சொல்லிவிட்டேன்.

இடம்: நெடுவயல்மங்கலம்
நாள்: 17.11.2025

நன்றிக்கடன்பட்டவள்,
தி. பூவம்மாள்