இசக்கிக்கு ரத்தம் ஊறட்டும் என்று

செவ்வாய், வடமுனைப் பனிச்சுரங்க முகாம். மருத்துவ அறைக் குறிப்பு.
எழுதுவது: மருத்துவர் ஹெப்சிபா.

நாள் 412, காலை 07:10

காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. அறையில் நோயாளி ஒருத்தி. இசக்கி, ஒன்பது வயது, ஆறு வயதுப் பிள்ளையின் எடை. தலசீமியா. உடம்பு தானாக நல்ல ரத்தம் செய்யாது. மாதாமாதம் முகாமில் யாராவது கொடுக்க வேண்டும். அந்த ரத்தத்தோடு இரும்பும் உள்ளே போகும். வெளியே வர வழி கிடையாது. ஈரலில், கணையத்தில், இதயத்தில் போய்த் தங்கிவிடும். அதை வெளியேற்றும் மருந்து நேற்றோடு தீர்ந்தது.

முகாம் முழுக்கக் காய்ச்சல். தொற்று வந்தால் அவள் தாங்கமாட்டாள் என்பதால் அவளையும் என்னையும் உள்ளே வைத்துக் கதவைப் பூட்டியிருக்கிறேன். அவள் சாப்பாடு இரு பக்கமும் திறக்கும் சுவர்ப் பெட்டி வழியாக வரும். எனக்கு உலர் உணவுப் பொட்டலம் போதும். சமையல் சுடலைமுத்து. மனுஷனுக்கு வாய் ஓயாது, ஆனால் கை சுத்தம்.

சரக்குக் கலத்திலிருந்து செய்தி: "மருந்துப் பெட்டி எங்ககிட்ட பத்திரமா இருக்கு. எஞ்சின்தான் பழுது. வந்து சேர மூணு மாசம் ஆகும். பிள்ளையைப் பாத்துக்குங்க."

பார்த்துக்கொள்ளாமல் வேறென்ன செய்கிறேன்.

நாள் 440, பகல் 11:40

இரும்பு அளவு ஏறியிருக்கிறது. ஏறும் என்று தெரியும், ஆனால் இவ்வளவா? கருவி மேல் சந்தேகப்பட்டு என் ரத்தத்தை வைத்துப் பார்த்தேன். ஒழுங்காகத்தான் காட்டுகிறது. அப்படியானால் நான் ஏற்றும் ரத்தம்தான் காரணம். இந்த மாதம் பாதிதான் ஏற்றினேன். கலம் வரும்வரை பிள்ளை கொஞ்சம் வெளுத்துக் கிடந்தால் பரவாயில்லை.

நாள் 452, மாலை 16:20

வெளுத்துவிட்டாள். திரையில் பார்த்த அம்மா செண்பகம், ஏன் இப்படி ஆகிவிட்டாள் என்று கேட்டாள். ரத்தம் பத்தவில்லை, அவ்வளவுதான் என்றேன். முதலிலிருந்தே முகாமில் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வருகிறேன். இரும்பு, ஈரல், கணையம் என்று ஆரம்பித்தால் ஆளுக்கு நூறு கேள்வி கேட்பார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

சர்க்கரையும் கூடிவிட்டது. கணையத்தில் இரும்பு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். இன்சுலின் தொடங்கினேன். ஊசி போட்டபோது அவள் அழவில்லை. அழுதிருக்கலாம்.

நாள் 471, காலை 09:05

இதயம் தப்பித் தப்பித் துடிக்கிறது. பாதி ரத்தம்தான் ஏற்றினேன், இரும்பு இரண்டு மடங்கு. கணக்கு உதைக்கிறது.

ரத்தம் எடுக்கலாம் என்று வெளியே இருக்கும் பதின்மூன்று பேரையும் பெட்டி வழியே கை நீட்டச் சொல்லிச் சோதித்தேன். ஒருவரிடமும் எடுக்க முடியாது. அத்தனை பேருக்கும் சோகை. என் ரத்தப் பிரிவு அவளுக்குச் சேராது. இந்த மண்ணில் மாத்திரை விழுங்காவிட்டால் யாருக்கும் ரத்தம் நிற்காது. அதனால்தான் தினமும் ஆளுக்கொரு இரும்பு மாத்திரை கொடுக்கிறேன். கொடுத்ததெல்லாம் எங்கே போச்சு என்று ஒலிபெருக்கியில் கத்தினேன். ஒவ்வொருவராகக் கையை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். எரிச்சலாக வந்தது. பயமாகவும் இருந்தது.

நாள் 474, பிற்பகல் 13:30

இன்று வந்த ரசம் கறுத்திருந்தது. தொட்டு நக்கிப் பார்த்தேன். ஆணியைச் சப்பியது போல் இருந்தது.

இசக்கியிடம் கேட்டேன். மருந்து தீர்ந்ததிலிருந்தே இப்படித்தான் என்றாள். நான் குளிக்கப் போகும் நேரத்தில் திரையில் சொன்னார்களாம். எல்லோரும் தங்கள் மாத்திரையை விழுங்காமல் சமையலறையில் கொடுத்துவிடுவார்களாம். சுடலைமுத்து மாமா அதைப் பொடித்து ரசத்தில் கரைத்து, ரத்தம் சீக்கிரம் ஊறட்டும் என்று நெல்லிப்பொடியும் போடுவாராம். டாக்டரம்மாவுக்குத் தெரிந்தால் திட்டுவாள் என்று ரகசியம்.

நெல்லிக்காய், பதுங்கிக் கிடக்கும் இரும்பையும் கிளப்பி இதயத்துக்கு அனுப்பிவிடும். நான் ரத்தத்தைக் குறைத்தேன், அவள் வெளுத்தாள். அவள் வெளுத்தாள், அவர்கள் நெல்லிப்பொடியைக் கூட்டினார்கள். ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அவள் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்: "நல்லாவே இருக்காது டாக்டர் அத்தை. ஆனா எல்லாரும் எனக்காகக் குடுத்ததுல்லா. நான் ஒரு நாளும் மிச்சம் வெக்கல."

நல்ல பிள்ளை என்றேன். இனிமேல் சாப்பாடு அனுப்ப வேண்டாம், நானே செய்துகொள்கிறேன் என்று வெளியே சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை.

நாள் 479, காலை 06:15

கால் வீங்கிவிட்டது. மூச்சு வாங்குகிறது. ஏற்ற ரத்தம் இல்லை. கதவைத் திறந்துவிட்டேன். காய்ச்சல் வந்தால் என்ன இனி. செண்பகம் வந்து மடியில் போட்டுக்கொண்டாள்.

06:52

நின்றுவிட்டது.

எனக்கு அழுகை வரவில்லை. விரிப்பை மாற்றினேன். கருவிகளைத் துடைத்தேன். இன்சுலின் குப்பியை எடுத்த இடத்தில் வைத்தேன்.

நாள் 480, காலை 10:00

காரணம் கேட்டார்கள். நோய் முற்றிவிட்டது என்றேன். உண்மையைச் சொல்லிவிட்டு இந்தப் பனிக்காட்டில் பதின்மூன்று பேரையும் எப்படி உயிரோடு வைத்திருப்பது? இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் அவர்களிடம் சொல்லிவிட வேண்டாம்.

நாள் 480, பகல் 12:25

சமையலறையிலிருந்து சுடலைமுத்து: "டாக்டரம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பிள்ளைக்கு ரத்தம் ஊறட்டும்னு எங்க மாத்திரையைச் சேத்து ரசத்துல போட்டுக் குடுத்தோம், உங்களுக்குத் தெரியாம. எல்லாரும் ஒழுங்காக் குடுத்தாவ. நான்தான் நடுவுல தலை சுத்துதுன்னு ஒரு வாரம் என் மாத்திரையை நானே முழுங்கிட்டேன். அதையும் போட்டிருந்தா பிழைச்சிருப்பாளோ?"

இல்லை அண்ணாச்சி என்றேன்.

"எப்படிச் சொல்லுதிய?"

பேசும் பொத்தானில் விரல் இருக்கிறது. அவருக்குப் பின்னால் செண்பகத்தின் குரல் கேட்டது.

"நானும் ரெண்டு நாள் முழுங்கிட்டேன், அண்ணாச்சி."

பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.