பிரேக்குக்குச் சத்தம் கிடையாது

ஜூன் 9

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். அம்மாவிடம்கூடக் காட்டாதீர்கள். வெளியே தெரிந்தால் அப்பாவுக்கு வேலை போய்விடும்.

எங்கள் பள்ளி வேனை ஓட்டுவது அப்பாதான். இன்று வேனிலிருந்து இறங்கி வீடுவரை நடந்து வந்தார். வாசலில் பார்த்தால் வலது காலில் செருப்பு இல்லை. கழன்றதே அவருக்குத் தெரியவில்லை.

"கால் மரத்துப்போச்சு, அவ்வளவுதான். அம்மாகிட்ட போட்டுக்குடுத்துடாதே."

ஜூன் 12

முன் சீட்டில் உட்கார்ந்து கவனித்தேன். கால் எந்தப் பெடலில் இருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொள்கிறார். கேட்டதற்கு, "இன்ஜின் சத்தத்தை வெச்சே ஓட்டிடுவேன் பாப்பா" என்றார்.

சரி, பிரேக்குக்கு ஏது சத்தம்? பின்னால் பதினான்கு பிள்ளைகள்.

ஜூன் 13

பயமா இருக்கு. யார்கிட்ட சொல்றது?

ஜூன் 16

அப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை நோய். நூலகக் கணினியில் தேடினேன். சர்க்கரை பல வருடம் ஏறியே இருந்தால் நரம்பு நுனிகள் கெடுமாம், முதலில் பாதத்தில். அப்பா சொல்லும் பாத எரிச்சலுக்கு மாத்திரை இருக்கிறது. மரத்துப்போனதை மீட்க மாத்திரை இல்லை. சர்க்கரையை அடக்கினால் மேலும் கெடாமல் தடுக்கலாம். அப்பாவோ தினமும் வெந்நீரில் காலை வைக்கிறார். வெந்துபோனாலும் தெரியாதே!

புதன்கிழமை எரிச்சலைக் காட்ட டாக்டரிடம் போகிறார். நானும் போவேன். அதுவரை முன் சீட்டை யாருக்கும் விடமாட்டேன்.

ஜூன் 18

டாக்டர் அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழையால் பாதத்தில் பத்து இடங்களில் தொட்டார்.

"எப்ப டாக்டர் தொடுவீங்க?" என்று அப்பா கேட்டபோது அவர் முடித்துவிட்டிருந்தார்.

என்ன வேலை என்று கேட்டார். "சும்மா, கிடைக்கிற வேலை" என்றார் அப்பா.

நான் சொல்லிவிட்டேன். "ஸ்கூல் வேன் ஓட்டறாரு டாக்டர்."

இனி வேனைத் தொடவே கூடாது என்றார் டாக்டர். திரும்பும் வழியெல்லாம் அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் 19

பேசவில்லை.

ஜூன் 27

வேனுக்கு வேறு ஓட்டுநர் வந்துவிட்டார். அப்பா பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். என்னையும் ஏற்றிவிடுகிறார், வாய் திறக்காமல். ரத்தப் பரிசோதனையில் பி12 சத்தும் குறைவாம். அதற்கு ஊசி போடுகிறார்கள். கொஞ்சமாவது உணர்வு திரும்பலாம் என்கிறார் டாக்டர். காயம் இருக்கிறதா என்று தினமும் யாராவது பாதத்தைப் பார்க்க வேண்டுமாம். அம்மா கேட்டால் காலை இழுத்துக்கொள்கிறார்.

இன்று சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னார்: "உன் பொண்ணையே பாக்கச் சொல்லு. அவதான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காளே."

திட்டினாரா, கூப்பிட்டாரா? தெரியவில்லை. திட்டட்டும். திரும்பக் கேட்டாலும் டாக்டரிடம் அதையேதான் சொல்வே—

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா தட்டமாட்டாள், நேரே திறந்துவிடுவாள். அப்பா