செட்டில் சொல்லக் கூடாத சொல்

ஜெயங்கொண்டம்,
புதன்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

அம்பிகா எழுதுவது. நானும் நம் பூங்குழலியும் சுகம். நீங்களும் சுகம் என்று போனில் சொன்னீர்கள். நம்பித்தான் ஆக வேண்டும். இதையெல்லாம் போனில் ஆரம்பித்தால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள். அதனால்தான் பார்சலோடு இந்தக் கடிதம்.

உள்ளே புது வாக்கி டாக்கி இருக்கிறது. நீங்கள் வீட்டில் விட்டுப்போன பழைய செட்டைத் தம்பி தமிழழகன் பார்த்தான். சிமெண்ட் ஆலை செக்யூரிட்டி அல்லவா, அவனுக்குத் தெரியும். "கல்யாண மண்டபத்துல பந்தி பாக்கறவங்க வெச்சிருக்கறது அக்கா, இதையா மச்சான் கடலுக்கு எடுத்துட்டுப் போனாரு?" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

புதியது தண்ணீரில் மிதக்குமாம். கடைக்காரர் பேச்சை நம்பாமல் அண்டாவில் போட்டுப் பார்த்தேன். மிதந்தது, எடுத்த பிறகும் பேசியது. ஆபத்தென்றால் பதினாறாம் சானல். சுற்றியுள்ள படகுகளுக்கும் கரைக்கும் கேட்குமாம். இடுப்பிலேயே கட்டிக்கொள்ளுங்கள். சார்ஜ் போட மறக்காதீர்கள்.

பூங்குழலிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. முந்திரிக்கு மருந்து அடித்தாயிற்று. இங்கே டிராக்டர் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்த உங்களைக் காரைக்கால் படகுக்கு எஞ்சின் பார்க்கக் கூப்பிட்ட ஆளை நான் திட்டாத நாளில்லை.

போன தடவை நடுக்கடலில் எஞ்சின் நின்றதும் பக்கத்துப் படகு விக்கியைச் செட்டில் கூப்பிட்டீர்கள். கரகரப்பில் அவனுக்குப் பாதிதான் கேட்டது. சும்மா பேசுகிறீர்கள் என்று நினைத்து, "சரிண்ணே, வரேன்" என்று சொல்லிக் கரைக்குப் போய்விட்டான். நாம் எல்லாரும் விடைபெறும்போது சொல்கிற 'வரேன்'தான். நீங்களோ உதவிக்குத்தான் வருகிறான் என்று வேறு யாரையும் கூப்பிடாமல் காத்திருந்தீர்கள். பேட்டரியும் தீர்ந்தது. மறுநாள் இன்னொரு படகு உங்களைப் பார்த்திராவிட்டால்... எழுதக் கை வரவில்லை.

அதனால் செட்டில் அந்தச் சொல் வேண்டவே வேண்டாம். பேசி முடித்ததும் 'ஓவர்' சொல்லுங்கள். நீங்கள் சொன்னதை கேட்பவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

ஆனால் அன்றிலிருந்து என்னிடமும் அந்தச் சொல்லை விட்டுவிட்டீர்கள். பஸ் ஏறும்போது "கெளம்பறேன்" என்றீர்கள். போனில் "வெச்சிடறேன்" என்கிறீர்கள். "அப்பா வரேன்னே சொல்லலயேம்மா" என்கிறாள் பூங்குழலி. எனக்கும் ஒரு வேலையும் ஓடவில்லை. உலையில் அரிசி போட்டதை மறந்து மறுபடி போடுகிறேன்.

படகு ஏறும் முன் ஒரு போன் போட்டு, எனக்கு மட்டும் "வரேன்" என்று சொல்லுங்கள். விக்கி சொன்ன அர்த்தத்தில் எடுத்துக்கொள்ள மாட்டேன். அன்று நீங்கள் நம்பிக் காத்திருந்தீர்களே, அந்த அர்த்தத்தில்தான்.

செட்டிகுளத்து முருகன் உங்கள் கூடவே இருக்கட்டும்.

உங்கள்
அம்பிகா