எறும்பு காத்த தேக்கு

எல்லாம் நான் முன்னமே சொன்னதுதான், பாய். எறும்பு போனால் புழு வரும், புழு வந்தால் உங்கள் அண்ணன் வருவார் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். எட்டாம் வகுப்பில் மூன்று முறை உட்கார்ந்தவன் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

இன்று வேங்கிக்கால் வீட்டில் என் மருமகள் சர்க்கரை டப்பாவைச் சுற்றி எறும்புப் பொடி தூவினாள். நெடி மூக்கில் ஏறியதும் காபியை அப்படியே வைத்துவிட்டேன். நான் காவல் இருந்த உங்கள் தேக்குத் தோப்பின் நெடி.

அடி அண்ணாமலையைத் தாண்டி, காட்டை ஒட்டியிருந்த தோப்பு. மரக்கடைக் குடும்பத்தில் மரத்தை நட்டு வளர்த்தவர் நீங்கள் ஒருவர்தான். "அறுக்கிறவன் வூட்ல பொறந்துட்டு தண்ணி ஊத்திக்கினு இருக்கான் பாரு" என்று உங்கள் அண்ணன் கடையில் உட்கார்ந்து கேலி பேசுவார். அவர் வாயை அடைக்க வேண்டும், சொந்த வீட்டுக்கு அந்த மரத்தில் நிலை வைக்க வேண்டும். உங்களுக்கு வேறு ஆசையே கிடையாது. எழுபதுகளில் நட்ட கன்றுகள் எண்பதுகளில் என் இடுப்பளவு பருத்திருந்தன. சரி, தொடையளவு.

மரமெல்லாம் சிவப்பு எறும்பு. இலைகளை இழுத்துத் தைத்துக் கூடு கட்டும்; ஒவ்வோர் எறும்பும் வேர்க்கடலை அளவு இருக்கும். புழு ஒன்று தலை நீட்டினால் போதும், பத்துப் பேர் சேர்ந்து பிணம் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போவார்கள். மிச்சத்தைக் குளவியும் ரெட்டைவால் குருவியும் பார்த்துக்கொண்டன. ஆனால் கிளை கழிக்கக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஆட்கள் ஏறிய வேகத்தில் குதித்தார்கள்.

"இன்னா பாய், இது மரமா, போலீஸ் ஸ்டேஷனா? மேல ஏறுனா அடி பின்றானுங்க!"

மறுநாளே கடலைக்குப் போடும் பூச்சிப் பொடி மூட்டையாக வந்து இறங்கியது.

"வேணாம் பாய். சம்பளம் வாங்காத வாட்சருங்க இதுங்க."

"கடிக்கிற வாட்சர் எனக்கு எதுக்கு? தள்ளுய்யா."

எறும்பு கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. குளவிக் கூடும் காலி. தோப்பு சுத்தமாகிவிட்டது என்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தீர்கள்.

அடுத்த வருஷம் முதல் மழைக்குத் துளிர்த்த இலையைப் புழு பிடித்தது. தோப்புக்குள் நின்றால் அதன் எச்சம் சடசடவென்று மழைபோல விழும். நான் குடை பிடித்துக்கொண்டுதான் போனேன். இலையெல்லாம் கொசுவலையானது. பிறகு அதுவும் உதிர்ந்தது. காடே பச்சையாக இருக்கையில் உங்கள் மரங்கள் மட்டும் மாசி மாதம்போல் மொட்டையாக நின்றன.

அண்ணன் வந்தார். ஒரு குச்சியை ஒடித்துப் பார்த்தார்.

"பட்டுப்போச்சுடா. வெறகுக்குத்தான் ஆவும். நானே எடுத்துக்கறேன், வெளியாளுக்கு ஏன் குடுக்கணும்?"

"கொஞ்ச நாள் பாக்கலாமே, அண்ணே."

"பாரு. கரையான் ஏறுனதும் வந்து சொல்லு."

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். புழு தின்ற தேக்கு தானாகவே மறுபடி துளிர்க்கும் என்பது அப்போது எனக்கும் தெரியாது. அதை மட்டும் நான் முன்கூட்டிச் சொல்லவில்லை.

விறகு விலைக்கே தோப்பை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டீர்கள். வெட்டியது விறகுக்குப் போகவில்லை. அண்ணன் கடை வாசலிலேயே கூரைக் கழிகளாக அடுக்கியிருந்தது. தலைமுறை தலைமுறையாக மரம் விற்றவருக்குத் தேக்கின் குணம் தெரியாமலா இருந்திருக்கும்? நீங்கள் கேட்கவில்லை. தோப்பு போன கையோடு அந்தக் கடையிலேயே சம்பளத்துக்கு உட்கார்ந்தீர்கள்.

கிணற்றின்மேல் சாய்ந்திருந்ததால் வெட்டாமல் விட்ட ஒற்றை மரம், ஆடி முடிவதற்குள் முறம் முறமாக இலை விட்டது.

இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் இப்படித்தான் முடிப்பேன்: உங்களைச் சைக்கிளில் ஏற்றி அழைத்துப் போனேன், நீங்கள் அந்த மரத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்தீர்கள், "நம்மளவிட இதுக்குப் பொறுமை ஜாஸ்திய்யா" என்றீர்கள். நீங்கள் மௌத்தாகி, அடக்கத்துக்கு வந்தபோதும் இதைத்தான் சொன்னேன். உங்கள் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அந்த மரத்தைப் பார்க்க நீங்கள் வரவே இல்லை, பாய். அந்தப் பேச்சும் என் பேச்சு. நான்தான் ஓர் இலையைப் பறித்துக்கொண்டு கடைக்கு வந்தேன். நீங்கள் அதை வாங்கினீர்கள். மேஜைமேல் கிடந்த மரத்தூளை அந்த இலையாலேயே தள்ளிவிட்டுக் கீழே போட்டீர்கள்.

"லாரி வர்ற நேரம். ஓரமா நில்லுய்யா."

உங்கள் மகனுக்கு நீங்கள் சிரித்ததாகவே இருக்கட்டும். லாரி வரும்வரை ஓரமாக நின்ற அந்த நேரம் இன்னும் என்னோடுதான் இருக்கிறது.